செவலை ஏறிய வண்டி

ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையில் ஆரம்பித்துப் பெருங்களத்தூர் வரைக்கும் வண்டிக் கடைகள்தான். கண்ணாடிச் சுவர், உள்ளே ஏசி, நடுவில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற புது வண்டி. அப்படி ஒரு கடை வாசலில் நானும் என் கூட்டாளி பாயும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் செருப்பில் சாணி இருந்தது. பாய் செருப்பில் இருந்தது என்னவென்று அவருக்கே தெரியாது. நான் மாடு வளர்க்கிறவன், அவர் பல்லாவரத்தில் ஆட்டு வியாபாரி.

"கழட்டாத மச்சான். கழட்டினா சாமி கும்புட வந்தவன் மாதிரி பம்மிகினு நிப்ப. பம்முறவன்கிட்ட எவன் ரேட்டு கொறைப்பான்?" என்றார் பாய்.

நான் பம்ம ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்லாமல் உள்ளே போனேன்.

பயத்துக்குக் காரணம் மழை. எங்கள் வீடும் மாட்டுக் கொட்டகையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கின்றன. அந்தக் குடியிருப்புகளுக்குக் காலையில் பால் கொடுப்பது நாங்கள்தான். மாலையில் கொசுவும் நாங்கள்தான் கொடுக்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் தண்ணீர் எங்கள் கொட்டகையைத் தேடி வரும். அப்போது மாடுகளையெல்லாம் பல்லாவரம் மலையடிவாரத்தில் இருக்கிற பாயின் ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய்விடுவோம். அங்கே மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது.

மற்றவர்கள் வாடகை வண்டி பிடித்து மாட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். நாங்களும் வருஷா வருஷம் ஒரு வாடகை வண்டியை வரவழைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம், முடியாது. எங்கள் மந்தைக்குத் தலைவி செவலை. அவள் கன்றாக இருந்தபோது சந்தையிலிருந்து லாரியில் கொண்டுவந்தோம். வரும் வழியில் லாரித் தளத்தில் வழுக்கி விழுந்தாள். அன்றைக்கு முடிவு செய்தவள்தான், அதற்குப் பிறகு நாலு சக்கரம் வைத்த எதிலும் கால் வைத்ததில்லை. அவள் ஏறவில்லையென்றால் பின்னால் நிற்கிற ஒரு மாடும் ஏறாது. அதனால் வருஷா வருஷம் மழையில், ரேடியல் ரோடு ஓரமாக, கீழ்க்கட்டளை தாண்டி, எல்லா மாடுகளையும் நடத்தியே கூட்டிப்போவோம். பைக்காரர்கள் எங்களைச் சபித்துக்கொண்டே கடப்பார்கள்.

இந்த வருஷம் அதுவும் நடக்காது. செவலை சினையாக இருந்தாள், மழை நாளில்தான் கன்று போடுவாள் என்று கணக்கு. முந்தின தடவை கன்று போடும்போதே அவள் கஷ்டப்பட்டிருந்தாள். மாட்டு டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இதை முட்டித் தண்ணியில அவ்வளவு தூரம் நடக்க விட்டீங்கன்னா தாயும் தங்காது, கன்னும் தங்காது. வண்டியில கொண்டு போங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வண்டியில் என்று அவர் சொல்லவில்லை. செவலை ஏறுகிற வண்டி ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது. மழைக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வரும்போது செவலை கொட்டகையிலேயே நிற்பாள்.

என் மனைவி இதைக் கேட்டு, "சரி, வண்டி வாங்கிடலாம். எப்டியும் தீவனம் ஏத்த, பால் எடுத்துகினு போவ ஒரு வண்டி வேணும்ல?" என்றாள். இதற்கு முன்னால் அவள் பால் கேன்களை ஒரு பழைய மூன்று சக்கர லோடு ஆட்டோவில் ஓட்டிக்கொண்டு போவாள். நான் பின்னால் உட்கார்ந்து கேன்களைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் வேலைப் பிரிவினை அப்படி.

நான் என்ன செய்தேன்? போனில் வண்டி ஒப்பீட்டு வீடியோ பார்த்தேன். ஒன்று பார்த்தால் நூறு வந்தது. ஒருவன் மலையில் ஏற்றுகிறான், ஒருவன் செங்கல் அடுக்குகிறான், ஒருவன் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காட்டுகிறான். ஒருவனாவது மாட்டை ஏற்றிக் காட்டவில்லை. ஆனாலும் பால் கறக்கும்போது கூட "டார்க்", "டர்னிங் ரேடியஸ்" என்று நான் பேச ஆரம்பித்திருந்தேன். என் மனைவி ஒருநாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மாட்டுக்குத் தமிழ்தான் தெரியும், தமிழ்ல பேசு," என்றாள்.

முதல் கடையில் எங்களை வரவேற்றவர் டை கட்டியிருந்தார். வண்டிக்குள் உட்காரவைத்து, தொடுதிரையைக் காட்டினார். பாட்டு வரும், வழி காட்டும், போன் பேசும் என்றார்.

"இதெல்லாம் முன்னாடி குந்துறவனுக்கு. பின்னாடி நிக்கிறவங்களுக்கு இன்னா வெச்சிகிறீங்க?" என்று பாய் கேட்டார்.

"பின்னாடி லோடு சார். ஒன்றரை டன் தாராளமா தாங்கும்."

"தாங்குறது வேற தம்பி. ஏறுமா?"

"ஏறுமாவா? எது சார்?"

"மாடு."

டை கட்டியவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பாய் வண்டி பார்க்கிற அழகே தனி. எனக்கு அவரை வேடிக்கை பார்ப்பதற்காகவே இன்னும் நாலு வண்டி வாங்கலாம் போலிருக்கும். முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராகப் பின்னால் போவார். பின்கதவின் சங்கிலியை அவிழ்த்துக் கீழே இறக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டுவார். கால் தரையில் தட்டினால் தாழ்வான வண்டி, தட்டாவிட்டால் உயரம். அப்புறம் எழுந்து உள்ளே போய், தளத்தில் ஒரே ஒரு தடவை குதிப்பார். டங் என்று சத்தம் வந்தால் முகத்தைச் சுளிப்பார். மந்தமாகத் தொம் என்று வந்தால் மறுபடி ஒரு தடவை குதித்துவிட்டு, "கால்நடைக்குச் சத்தம் ஆவாது மச்சான். உனுக்கும் ஆவாது," என்பார். எனக்கு ஆகாதுதான். அவர் முதல் தடவை குதித்தபோதே நான் தூணுக்குப் பின்னால் போயிருந்தேன்.

ஒருநாள் முழுக்க சுற்றினோம். ஒவ்வொரு கடையிலும் ஒரு டீ, ஒரு விளம்பரத் தாள், ஒரு குதி. கடைசியில் மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்தோம்: ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. நீலம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வீடியோவில் அதுதான் ஜெயித்தது. சிவப்பு பாய்க்குப் பிடித்தது, பின்கதவில் பூப்போட்ட வேலைப்பாடு இருந்தது. வெள்ளை எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. பார்க்க ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருந்தது. பாயின் கால் தரையில் தட்டிய ஒரே வண்டி அது என்பதால்தான் பட்டியலில் சேர்த்தோம்.

அதை விற்றவர் ஒரு பெண். பொழிச்சலூர்க்காரர், முப்பதுகளில் இருப்பார், கம்பெனி கோட்டு போட்டிருந்தார். எல்லாரும் மைலேஜில் ஆரம்பித்தால் அவர் மட்டும், "இப்ப நீங்க எப்படி சார் மாட்டை ஏத்துறீங்க?" என்று கேட்டார். ஏறவே மாட்டாள் என்று செவலையின் கதையைச் சொன்னோம். லாரியில் வழுக்கி விழுந்ததைக் கேட்டபோது, "அய்யோ பாவம்," என்றார் உண்மையாகவே.

எங்கள் மாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நாங்கள் பார்த்தால் போதாது, மாடும் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வண்டியைக் கொட்டகைக்கு வரவழைத்து மாட்டை ஏற்றிப் பார்ப்போம். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து மாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். கடைக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அனுப்பிவைப்பார்கள். பெண் பார்க்க வருவது மாதிரிதான். என்ன, இங்கே பெண்ணுக்கு மட்டும்தான் டிபன்.

வீட்டுக்கு வந்து மூன்று வண்டிகளின் பெருமைகளையும் மனைவியிடம் விலாவாரியாக விளக்கினேன். நீல வண்டியே நல்லது என்று முடித்தேன். அவள் தவிடு பிசைந்துகொண்டே, "நல்லா சொன்ன. ஆனா முடிவு பண்ணப் போறது நீயும் இல்ல, நானும் இல்ல," என்று பிசைந்த கையாலேயே செவலையைக் காட்டினாள். செவலை அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. தனித்தனி நேரம் சொல்ல வேண்டியது நான்தான், பதற்றத்தில் எல்லாருக்கும் காலை பத்து மணி என்று சொல்லிவிட்டேன். மூன்று கடைக்காரர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு எங்கள் சந்தில் வரிசை கட்டினார்கள். இரண்டு பக்கக் குடியிருப்புகளிலும் பால்கனிகள் நிறைந்துவிட்டன. மேலேயிருந்து ஒருவர், "அண்ணா, எது ஜெயிக்கும்?" என்று கத்தினார். "தெரியல சார், டாஸே இன்னும் போடல," என்று பாய் கீழேயிருந்து பதில் சொன்னார்.

முதலில் நீலம். பின்கதவை இறக்கிப் பலகை சாய்த்தார்கள். செவலையை என் மனைவி கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். வயிறு தொங்க, நிதானமாக, கல்யாண வீட்டுக்கு வரும் பெரிய மனுஷி மாதிரி வந்தாள். பலகையில் ஒரு காலை வைத்தாள். டங். காலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அந்த வண்டிக்குப் பின்புறத்தைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டாள். நூறு வீடியோவின் தீர்ப்பு அங்கேயே அடிபட்டுப் போனது.

அடுத்தது சிவப்பு. அந்தக் கடைக்காரர் சாமர்த்தியசாலி. உள்ளே ஒரு வாழைப்பழச் சீப்பு வைத்திருந்தார். செவலை பலகை அருகே வந்து, நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, நாக்கை இன்னும் நீட்டி, சீப்பைத் தோலோடு இழுத்துத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சார், பழம் சாப்ட்டுச்சு. கிட்டத்தட்ட ஓகே மாதிரிதான்," என்றார் கடைக்காரர்.

"பஜ்ஜி சொஜ்ஜி சாப்ட்டுட்டு, ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறேன்னு சொல்லுது தம்பி," என்றார் பாய்.

பால்கனியில் கைதட்டினார்கள். இரண்டு போய்விட்டது. வானத்தில் தெற்கே ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. மழை மேகம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அது யாரோ குப்பை கொளுத்திய புகை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் முட்டித் தண்ணீரில் நிற்கும் செவலையும், தண்ணீரில் விழும் கன்றும் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

பொழிச்சலூர்ப் பெண் வண்டியை விட்டு இறங்கி வந்தார். ஓட்டிக்கொண்டு வந்ததும் அவரே. கொட்டகையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பின்னால் எருக்குழிக்கு மண் எடுத்துப் போட்டது ஒரு மேடாக நின்றது.

"இந்த மேட்டுல மாடு ஏறுமா அக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"தினம் ஏறி நின்னுதான் வெயில் காயும்."

"அப்ப பலகை வேணாம். நான் வண்டியை ரிவர்ஸ்ல கொண்டாந்து மேட்டோட ஒட்டிடுறேன். தரையில இருந்து தரைக்குப் போற மாதிரி இருக்கும்."

கோட்டைக் கழற்றி மடித்து என் மனைவியிடம் கொடுத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் புது டயரில் சாணி ஒட்டுமே என்று சந்திலேயே நின்றவர்கள். இவர் வெள்ளை வண்டியைச் சேற்றுக்குள் இறக்கி, கண்ணாடியைப் பார்த்தபடி வளைத்துக்கொண்டு வந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ரிவர்ஸ் என்பது எனக்கு ஒரு கியர் இல்லை, ஒரு வியாதி. கழுத்தைத் திருப்பினால் கை எதிர்ப்பக்கம் திருப்பும்.

"யோவ், சும்மா நிக்காத. மேட்டு மேல நின்னு சைடு சொல்லு," என்றாள் மனைவி.

சைடு சொல்வதென்றால் எனக்குத் தைரியம் அதிகம், ஏனென்றால் ஓட்ட வேண்டியதில்லை. ஒரு கையில் தவிட்டு வாளியோடு மேட்டின்மேல் ஏறி நின்று, "வா... வா... வா... லெஃப்ட் ஒடி... வரலாம்... வரலாம்..." என்று கத்தினேன். வண்டி பீப் பீப் என்று கூவிக்கொண்டு வந்தது. செவலையும் மனைவியும் எனக்குப் பின்னால் மேட்டில் நின்றார்கள்.

வண்டி இறக்கிய பின்கதவோடு மேட்டை நோக்கி வந்தது. அது மேட்டைத் தொட்டதும் நின்றுவிடும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், பால்கனியில் இருந்தவர்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. "ஸ்டாப்" என்று சொல்ல வேண்டிய ஆள் நான். வாய் திறந்தேன், வெளியே வந்தது "அம்மா!" என்பது. பின்னால் மாடு, முன்னால் வண்டி, நசுங்கப்போகிறேன் என்று நினைத்தேன். தப்பிக்க ஒரே ஒரு இடம்தான் கண்ணில் பட்டது. வாளியோடு வண்டிக்குள்ளேயே பாய்ந்துவிட்டேன்.

வண்டி மேட்டை லேசாக முத்தம் கொடுத்தது போல் தொட்டு நின்றது. நான் உள்ளே ஓடி, முன்பக்கத் தகரத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

செவலை உள்ளே இருந்தாள். முழுதாக, நாலு காலோடு. வாளியை மோந்துகொண்டே என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

தவிட்டு வாளி தூக்குகிறவன் எங்கே போனாலும் அவளும் போவாள் என்பது எங்களுக்குப் பழைய விஷயம்தான். ஆனால் வண்டிக்குள் நான் முதலில் ஏறி நிற்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஏன் தோன்றும்? வருஷா வருஷம் வாடகை வண்டி வந்தால் நான் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பேன், உதைபடாமல் இருக்க.

நான் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு என் வயிற்றில் சூடாக அடித்தது. வெளியே பின்கதவு தூக்கி மூடுகிற சத்தம் கேட்டது, சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஏறிடிச்சு," என்றாள்.

பாய் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "மச்சான், இத்தினி வருஷமா மாட்டையே ஏத்திகினு இருந்தோமே. உன்ன ஏத்தியிருக்கணும்!"

என் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவள். எல்லாரும் சிரிக்கும்போது அவள் யோசிப்பாள். கதவைத் திறந்து என்னையும் செவலையையும் இறக்கினாள். என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, செவலையை மட்டும் ஏற்றிப் பார்த்தாள். செவலை திரும்பி நின்றாள். என்னை ஏற்றினாள். செவலை ஏறினாள். வாளி இல்லாமல் ஏற்றினாள். செவலை ஒரு கணம் யோசித்துவிட்டு ஏறினாள். அப்புறம் நீல வண்டிக்காரர் மேட்டுக்கு வரச் சம்மதித்தால் அதிலும் பார்க்கலாம் என்று கேட்டாள். அவர் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா," என்றார். என் மனைவி பொழிச்சலூர்ப் பெண்ணிடம் கோட்டைத் திருப்பிக் கொடுத்து, "இதுக்கே பில் போடும்மா," என்றாள்.

வண்டி எடுக்கிற அன்று கடையில் ஒரு பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் கம்பீரமாக உட்கார்ந்தேன். முன்னால் கண்ணாடிச் சுவர். வெளியே போக வேண்டுமென்றால் பின்னால் எடுக்க வேண்டும். கம்பீரம் அவ்வளவுதான். "நீ எறங்கு, எலுமிச்சம்பழத்தோட போவட்டும், கண்ணாடி பொழைக்கட்டும்," என்று மனைவி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்து, ஒரே வளைப்பில் வெளியே எடுத்து, ஜி.எஸ்.டி. ரோட்டின் பேருந்துகளுக்கு நடுவே சேர்ந்துகொண்டாள். தாம்பரத்திலிருந்து வீடு வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது எனக்குக் கால் வலித்தது. அவள் பாட்டுகூடப் போட்டிருந்தாள்.

தளம் வழுக்கக் கூடாது என்று பாய் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு பழைய ரப்பர் பாய் வாங்கிவந்து விரித்தார். யாரோ உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு பளுதூக்கியின் படம் இருந்தது. செவலைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மழை வந்தது. ஒரு காலையில் பிடித்தது, மதியம் வரை நிற்கவில்லை. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஏரி உடைந்துவிட்டது, இல்லை திறந்துவிட்டார்கள், இல்லை இரண்டும் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. நான் எல்லாவற்றையும் நம்பினேன். ரேஷன் கார்டு, வண்டிக் காகிதங்கள், மிக்ஸி, ஒரு கிலோ புளி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். புளி ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மனைவி கொட்டகை வாசலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தாள். செவலையின் மடியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னிக்கே போட்டுடும் போலகீது. கெளம்பு," என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு அவள் பங்கு நடுக்கமும் சேர்த்தே வந்திருந்தது.

வண்டியை அவள் மேட்டோடு ஒட்டினாள், அந்தப் பொழிச்சலூர்ப் பெண் செய்த மாதிரியே. பீப் பீப் என்று கூவியது. நான் இந்தத் தடவை ஓரமாகத்தான் நின்றேன். வண்டி நின்றதும் முன்பக்கக் கதவைத் திறந்தேன்.

"எங்க போற?"

"குந்தறதுக்கு."

"உன் எடம் பின்னாடி. அத்த ஏத்து."

பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, பின்னால் ஏறினேன். செவலை மேட்டின்மேல் நனைந்துகொண்டு நின்றாள். தண்ணீர் கொட்டகைக்குள் நுழைந்து வைக்கோலைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் அவள் அசையவில்லை. வரமாட்டாளோ என்று கையை நீட்டினேன். "வாம்மா," என்றேன். அவள் தலையை ஒரு தடவை ஆட்டினாள். ரப்பர் பாயில் காலை வைத்தாள். வழுக்கவில்லை. இன்னொரு காலை வைத்தாள். உள்ளே வந்து, என் தோளில் ஈரமான முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற எங்கள் இன்னொரு மாடு கறுப்பி, அவள் ஏறியதைப் பார்த்து, கூப்பிடாமலேயே ஏறினாள்.

ரேடியல் ரோட்டில் இரண்டு பக்கமும் சதுப்பு நிலம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. நான் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு மாடுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி குழிகளை ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக் கடப்பது மாதிரி, அத்தனை மெதுவாக ஓட்டினாள். ஒரு பைக்காரர் பக்கத்தில் வந்து, "சார், மாட்டாஸ்பத்திரிக்கா? உங்களுக்கா, அதுங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சந்திப்பில் போலீஸ்காரர் கைகாட்டினார். "ஏம்மா, பின்னாடி ஆள் ஏத்தக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா அவரு எறங்குனா அதுங்களும் எறங்கிடும் சார். இங்கயே," என்றாள் என் மனைவி.

போலீஸ்காரர் பின்னால் வந்து பார்த்தார். செவலை என் தோளில் இருந்து தலையை எடுக்கவில்லை. அவர் தொப்பியில் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, "மெல்லப் போங்க," என்றார்.

பாய் பட்டி வாசலிலேயே நின்றிருந்தார். ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, காய்ந்த வைக்கோல் பரப்பி, மாட்டு டாக்டரையும் வரவழைத்து டீ கொடுத்து உட்கார வைத்திருந்தார். கேட்காமலேயே செய்கிற மனிதர். நான் இறங்கினேன், செவலை இறங்கினாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "நடந்து வந்திருந்தா பாதி வழியிலயே போயிருக்கும்மா," என்றார்.

என் மனைவி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம்தான். அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ ஏறு, மத்ததையும் கூட்டியாரணும்," என்றாள்.

மறுபடி போனோம், மறுபடி வந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் ஏறினால்தான் மாடுகள் ஏறின. அன்று முழுக்க என் சொந்த வண்டியில் நான் சரக்காகத்தான் போனேன். கடைசி மாட்டை இறக்கியபோது பட்டிக்குள்ளிருந்து பாய் கத்தினார்: "மச்சான், கன்னுக்குட்டி! பொண்ணு!" செவலை அதை நக்கிக்கொண்டிருந்தாள். குட்டியும் செவலைதான், நெற்றியில் மட்டும் வெள்ளை. என் மனைவி அதன் வாயைத் துடைத்துவிட்டு, பின்னங்கால்களைத் தடவி எழுப்பினாள். அது எழுந்து, தள்ளாடி, என் முழங்காலில் முட்டி நின்றது.

சில நாள் கழித்து பொழிச்சலூர்ப் பெண் போன் செய்தார். புது வண்டி வாங்கியவர்களிடம் கருத்துக் கேட்பார்களாம்.

"சார், வண்டி எப்படி இருக்கு? ஓட்டுறதுக்கு ஸ்மூத்தா இருக்கா? ஸ்டியரிங் லேசா இருக்கா?"

"அதெல்லாம் வீட்டுக்காரம்மாவதான் கேக்கணும்மா," என்றேன். "பின்னாடி எப்பிடின்னு கேளு, சொல்றேன். நிக்க நல்ல எடம். கால் வழுக்கல. காத்து நல்லா வருது. மூணு பேரு தாராளமா வரலாம்."